குளக்கரைப் பாதைக்கு நாம் கொடுக்க வேண்டிய ஹக்

 

 

இன்றைய ஜும்ஆவில் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு நடைபாதை. மேடையில் பேச இது ஒரு தலைப்பா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நம் மஹல்லாவில் பஜ்ர் தொழுதுவிட்டு நேராக உக்கடம் பெரியகுளக் கரைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அஸருக்குப் பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும் குடும்பங்கள் எத்தனை? தொழுகைக்கு அடுத்தபடியாக நாம் ஒரே இடத்தில் கூடுவது இப்போது அந்தக் கரையில்தான். ஒரு முஃமின் தினமும் ஒரு மணி நேரம் இருக்கிற இடத்துக்கு மார்க்கத்தில் சட்டம் இல்லாமல் இருக்குமா? இருக்கிறது. அதுவும் ஆச்சரியப்படும் அளவுக்கு நுணுக்கமாக இருக்கிறது.

நம் காலடியில் இருப்பது எது?

முதலில் அந்தப் பாதை எது மேல் போடப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியோடு கலக்கிறது நொய்யல் ஆறு. மழைக்காலத்தில் மட்டும் வேகம் காட்டுகிற ஆறு. அந்தச் சில வாரத் தண்ணீரை வீணாக்காமல் பிடித்துவைக்க நம் ஊர் முன்னோர்கள் அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் குளங்களும் கட்டினார்கள். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, பெரியகுளம், வாலாங்குளம், தெற்கே குறிச்சிக் குளம், கிழக்கே சிங்காநல்லூர் குளம். இவை தனித்தனிக் குளங்கள் அல்ல. செல்வசிந்தாமணி நிரம்பினால் பெரியகுளத்துக்குத் தண்ணீர் வரும். பெரியகுளம் நிரம்பினால் வாலாங்குளத்துக்குப் போகும். மேலே இருப்பவன் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே இருப்பவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நியாயத்தை மண்ணால் கட்டிவைத்தது மாதிரி.

பெரியகுளம் மட்டும் சுமார் 320 ஏக்கர். சிறுவாணித் தண்ணீர் வீட்டுக் குழாய்க்கு வந்த பிறகு நகரத்துக்காரர்களுக்குக் குளத்தின் நினைப்பே போய்விட்டது. குப்பை கொட்டவும் சாக்கடை விடவும்தான் குளம் என்றானது. 2010-ல் பொதுப்பணித் துறையிடமிருந்து 90 ஆண்டு குத்தகைக்கு மாநகராட்சி இந்தக் குளத்தை வாங்கியது. 2013-ல் குளம் வறண்டபோது, ஊர் மக்கள் தன்னார்வலர்களாக இறங்கித் தூர்வாரினார்கள். 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் 20 நகரங்களில் கோவையும் தேர்வானது. அதற்குப் பிறகு வந்ததுதான் இன்று நாம் பார்க்கிற கல் பதித்த பாதை, விளக்குகள், உட்காரும் மேடைகள், 'ஐ லவ் கோவை' எழுத்து, குறிச்சிக் குளத்தில் தமிழ் எழுத்துகளாலேயே செய்த திருவள்ளுவர் சிலை எல்லாம்.

நல்லதுதான். நன்றி சொல்ல வேண்டியதை நன்றியோடு சொல்வோம். பத்து ஆண்டுகளுக்கு முன் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடத்தில் இன்று மூச்சை இழுத்துவிட்டு நடக்கிறோம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர் என்று 2023-ல் வெளியான மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொன்னது. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரியாணிக்குப் பேர்போன நம் சமுதாயத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நபி (ஸல்) அவர்கள் நடந்தால், மேட்டிலிருந்து இறங்குவது போல முன்சாய்ந்து வேகமாக நடப்பார்கள் என்று அலீ (ரலி) அவர்கள் வர்ணித்திருப்பது ஷமாயில் திர்மிதியில் வருகிறது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே போவோம்.

கரை யாருக்குச் சொந்தம்?

ஃபிக்ஹில் 'ஹரீம்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு கிணற்றையோ ஊற்றையோ வாய்க்காலையோ சுற்றி, அதைப் பயன்படுத்தவும் பாதுகாக்கவும் விடப்படும் ஓரம் அது. கிணறு ஒருவருடையது என்றால் அதன் ஹரீமில் வேறொருவர் போய்க் குழி தோண்ட முடியாது.

ஹனஃபி மத்ஹபின் முக்கியமான கிதாபான 'ஹிதாயா'வில், தரிசு நிலத்தை உயிர்ப்பிப்பது பற்றிய பாடத்தில், இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் ஒரு வழக்கைச் சொல்கிறார்கள். ஹிஜ்ரி 593-ல் வஃபாத்தானவர்கள். ஃபர்கானா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள். அதாவது வாய்க்கால் பாசனத்திலேயே வாழ்ந்த பூமிக்காரர். வழக்கு இது: ஒருவருக்குச் சொந்தமான வாய்க்கால் இன்னொருவருடைய நிலத்தின் வழியாக ஓடுகிறது. அதன் கரை யாருக்கு? ஆதாரம் இருந்தாலன்றி கரை வாய்க்கால்காரருக்கு இல்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் இல்லை, கரை வாய்க்காலுக்கு உரியது என்றார்கள். எவ்வளவு அகலம்? வாய்க்காலின் அகலத்தில் பாதி இரு பக்கமும் என்று அபூயூஸுஃப் அவர்களும், முழு அகலம் இரு பக்கமும் என்று முஹம்மத் அவர்களும் கூறியதாக வருகிறது.

இந்த மஸ்அலாவில் காரணத்தைத்தான் கவனிக்க வேண்டும். கரை எதற்காக வேண்டும்? இரண்டு வேலைக்காக. ஒன்று, அதன் மேல் நடப்பதற்கு. தண்ணீர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஆள் நடந்தாக வேண்டும், தண்ணீருக்குள் இறங்கி நடக்க முடியாது. இரண்டாவது, வாரி எடுத்த சேற்றைப் போடுவதற்கு. தூர்வாரிய மண்ணைச் சுமந்துகொண்டு எங்கோ தூரத்துக்குப் போவது பெரும் சிரமம்.

எண்ணூறு ஆண்டுக்கும் முன் எழுதப்பட்ட ஒரு சட்டநூலில் நீர்க்கரை நடைபாதை இருக்கிறது! அதற்கு உரிமை எங்கிருந்து வருகிறது? தண்ணீரிலிருந்து வருகிறது. நடக்கிறவனுக்காக ஏற்பட்ட பாதை அல்ல அது. தண்ணீரைக் கவனிப்பதற்காக ஒருவன் நடக்க வேண்டியிருந்ததால் ஏற்பட்ட பாதை. நம் கொங்கு நாட்டுக் குளக்கரைகளும் அப்படித்தான். மடையைத் திறக்கிறவர் நடந்த தடம், உடைப்பு விழுந்திருக்கிறதா என்று மழை இரவில் விளக்கோடு பார்க்கப் போனவர் நடந்த தடம். இரண்டு வேலையில் முதலாவதை, நடப்பதை, நாம் எடுத்துக்கொண்டோம். இரண்டாவதை, சேறு வாருவதை, யாரோ செய்வார்கள் என்று விட்டுவிட்டோம்.

அதே ஹிதாயாவில் தூர்வாருவதற்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. யாருக்கும் தனிச் சொந்தமில்லாத பெரிய ஆறுகளைத் தூர்வாருவது பைத்துல்மால் செலவு, அதாவது அரசின் பொறுப்பு. பைத்துல்மாலில் பணம் இல்லையென்றால்? அப்படியே கிடக்கட்டும் என்று விடவில்லை. பொது நன்மைக்காக மக்களையே அந்த வேலைக்கு இறக்கும் அதிகாரம் ஆட்சியாளருக்கு உண்டு என்கிறது. மாநகராட்சி செய்யட்டும், நமக்கென்ன என்ற பேச்சுக்கு இந்தப் பாடத்தில் இடமில்லை. 2013-ல் பெரியகுளத்தில் இறங்கியவர்கள் ஹிதாயா படித்துவிட்டு இறங்கவில்லை. ஆனால் அவர்கள் செய்தது அந்தப் பாடத்தின் வேலை. இன்றும் 'கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு' போன்ற இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு குளங்களில் இறங்குகிறார்கள். அவர்களோடு நம் பிள்ளைகள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பாதையின் ஹக்

இப்போது நடப்பவர்களின் விஷயத்துக்கு வருவோம். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் உங்களுக்குத் தெரிந்ததுதான். பாதைகளில் உட்காருவதைத் தவிர்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். சஹாபாக்கள், எங்களுக்கு வேறு இடம் இல்லையே, அங்கேதானே உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம் என்றார்கள். நபியவர்கள் தடையை நீக்கினார்கள். ஆனால் நிபந்தனையோடு: உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால் பாதைக்கு அதன் ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது. இவைதான் அந்த ஹக்.

மதீனாவின் சந்துகளில் சஹாபாக்கள் சொன்ன அதே காரணத்தைத்தான் இன்று கோட்டைமேட்டு இளைஞர்களும் சொல்கிறார்கள். வீடு சின்னது, தெரு நெருக்கம், நண்பர்களோடு உட்கார வேறு இடம் ஏது? நியாயமான காரணம். அதனால்தான் நபியவர்கள் அதை ஏற்றார்கள்.

பார்வையைத் தாழ்த்துவதை முதலில் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். நம் வீட்டுப் பெண்கள் முன்பெல்லாம் காற்று வாங்க எங்கே போனார்கள்? மொட்டை மாடிக்கு. இன்று புர்கா அணிந்த பெண்கள் விளையாட்டுக் காலணி மாட்டிக்கொண்டு கரையில் வேகமாக நடக்கிறார்கள். மாஷா அல்லாஹ், நடக்கட்டும். ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியது அபூதாவூதில் இருக்கிறது. பெண்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்லி அறிவுரை சொல்ல வருகிறவர்கள், கரையில் கூட்டமாக உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்க்கும் இளைஞர்களிடம் முதலில் போய் இந்த ஹதீஸைச் சொல்லுங்கள். ஹதீஸ் உட்கார்ந்திருப்பவனிடம்தான் பேசுகிறது. நடந்து போகிறவளிடம் அல்ல.

தொல்லை தராமல் இருப்பது என்பதில் எவ்வளவோ அடங்கும். நடைபாதையில் பைக்கை ஏற்றுவது, செல்போனில் சத்தமாகப் பாட்டு வைப்பது, நான்கு பேர் கைகோர்த்து முழுப் பாதையையும் அடைத்துக்கொண்டு நடப்பது, துப்புவது. ஈமானின் எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகளில் கடைசியானது பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது என்று முஸ்லிமில் வரும் ஹதீஸைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். கடைசிக் கிளையே அகற்றுவது என்றால், கொண்டுபோய்ப் போடுகிறவன் எந்தக் கிளையில் நிற்கிறான்? பஜ்ஜி சாப்பிட்ட காகிதத்தை நாம் போடும் இடம் தண்ணீரிலிருந்து நான்கடி தூரம். காற்று மீதி வேலையைச் செய்துவிடும்.

இங்கே கொஞ்சம் கசப்பாகவும் ஒன்று சொல்ல வேண்டும். உமர் (ரலி) அவர்கள் ஒரு ஜும்ஆ நாளில் உடை மாற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள். வழியில் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டு மாடியில் ஒரு தண்ணீர்க் குழல். அன்று அந்த வீட்டில் கோழிக்குஞ்சுகளை அறுத்திருந்தார்கள். இரத்தம் கலந்த தண்ணீர் குழல் வழியாக வந்து உமர் (ரலி) அவர்கள் மேல் விழுந்தது. அந்தக் குழலைப் பிடுங்கும்படி உத்தரவிட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பி உடை மாற்றி வந்து தொழவைத்தார்கள். அதன் பிறகு அப்பாஸ் (ரலி) அவர்கள் வந்து, அந்த இடத்தில் அதைப் பொருத்தியதே நபி (ஸல்) அவர்கள்தான் என்று சொன்னபோது, உமர் (ரலி) அவர்கள் தன் முதுகில் ஏறி நின்று அதை மீண்டும் அதே இடத்தில் பொருத்தும்படி அப்பாஸ் (ரலி) அவர்களை வற்புறுத்தினார்கள். முஸ்னத் அஹ்மதில் வரும் சம்பவம். நபியவர்கள் மீதிருந்த மரியாதைக்கு உதாரணமாகத்தான் இதை வழக்கமாகச் சொல்வோம். இன்று அதன் முதல் பாதியைப் பாருங்கள். கோழி அறுத்த தண்ணீர் பொதுப் பாதையில் விழுந்தால், அது நபியின் சிறிய தந்தை வீட்டுக் குழலாக இருந்தாலும் கலீஃபாவின் முதல் உத்தரவு: பிடுங்கு.

நம்மில் கோழிக்கடை, இறைச்சிக்கடை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஹலாலான, கௌரவமான தொழில். ஆனால் இரவில் மூட்டை கட்டிக் கழிவைக் குளத்து ஓரத்தில் தள்ளிவிட்டுப் போவது ஹலாலான தொழிலில் சேராது. குர்பானிக் கழிவுக்கும் இதேதான். பாதையிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும், நீர்த்துறையிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயல்களாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னது அபூதாவூதில் இருக்கிறது. குளக்கரையில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பாதையும் அதுதான், நிழலும் அதுதான், நீர்த்துறையும் அதுதான்.

ஸலாமுக்குப் பதில் என்ற மூன்றாவது ஹக், நம் ஊரில் கனமானது. 1997 நவம்பர் கலவரமும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்பும் இந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு கோடு கிழித்துவிட்டுப் போயின. கோட்டைமேட்டைச் சுற்றிச் சோதனைச் சாவடிகள் ஆண்டுக்கணக்கில் நின்றன. இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் நண்பன் இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் வேறு, கடை வேறு, வாடகைக்கு வீடு கிடைக்கும் தெருவும் வேறு. இப்போது செல்வபுரத்துக்காரரும் உக்கடத்துக்காரரும் ஒரே கரையில், ஒரே நேரத்தில், எதிரெதிராக நடக்கிறார்கள். தினமும் ஒரே முகம். மூன்றாம் நாள் தலையசைப்பு. பத்தாம் நாள், 'என்னங்க, நேத்து ஆளைக் காணோம்?' இந்த ஒரு கேள்வியை எந்த அமைதிக் குழுவாலும் உண்டாக்க முடியாது. அவர் வணக்கம் சொன்னால் முகமலர்ச்சியோடு வணக்கம் சொல்லுங்கள். அவர் சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

அழகான கரை, அழுக்கான நீர்

தென்கொரியத் தலைநகர் சியோலில் சோங்கேசோன் என்று ஒரு ஓடை. நகரம் வளர்ந்தபோது அதை மூடி, மேலே சாலையும் மேம்பாலமும் போட்டுவிட்டார்கள். 2003-ல் மேம்பாலத்தை இடிக்க ஆரம்பித்து, 2005-ல் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டருக்கு ஓடையைத் திறந்து, இரு கரையிலும் நடைபாதை அமைத்தார்கள். உலகம் முழுவதும் நகரத் திட்டம் போடுகிறவர்கள் இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். உண்மையிலேயே அழகுதான். ஆனால் அங்கே ஓடுவது பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து மின்மோட்டார் வைத்து ஏற்றிவிடும் தண்ணீர். மோட்டாரை நிறுத்தினால் ஓடையும் நின்றுவிடும். அங்கே பிழைத்துக்கொண்டிருந்த தெரு வியாபாரிகள் அப்புறப்படுத்தப்பட்டார்கள் என்பதும் அந்தக் கதையில் ஒரு பகுதி.

கரையை அழகாக்குவது எளிது, காசு இருந்தால் ஒரு வருட வேலை. தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பது தினசரி வேலை, அதற்குத் திறப்பு விழா கிடையாது. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. ஆனால் வீட்டிலிருந்து அந்த நிலையம் வரைக்கும் குழாய் சேர்ந்தால்தானே? மழைநீர் வாய்க்காலில் கழிவறைக் குழாயைத் திருப்பிவிட்ட வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. அந்த வாய்க்கால் போய்ச் சேரும் இடம் குளம். பச்சைப்பசேல் என்று ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால் அது குளத்தின் அழகு என்று நினைத்துவிட வேண்டாம். சாக்கடையைத் தின்று கொழுக்கும் செடி அது.

தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிக்க வேண்டாம் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தண்ணீரில் நேரடியாகக் கழிப்பது மட்டும்தான் தடை, கரையில் கழித்து அது ஓடிப்போய்க் கலந்தால் பரவாயில்லை என்று எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சொன்னவர்களும் வரலாற்றில் இருந்தார்கள். இமாம்கள் அதை ஏற்கவில்லை. நேரடியாகவோ சுற்றிவளைத்தோ, கலப்பது கலப்பதுதான். மூன்று மாடி வீட்டின் குழாய் வழியாக வந்தாலும் அதே சட்டம்தான்.

இங்கே விடுவது இங்கேயே நிற்காது. 1992-ல் நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள், பாசனத்துக்கு. நிரம்பியது திருப்பூர் சாயக்கழிவால். எந்த விவசாயிக்காக அணை கட்டப்பட்டதோ அதே விவசாயி, அணையைத் திறக்காதே என்று கேட்கும் நிலை வந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலை இழந்து நின்றார்கள், நம் ஆட்களும் அதில் உண்டு. நிலத்திலும் கடலிலும் தோன்றிய சீர்கேடு மனிதர்களின் கைகள் சம்பாதித்தது என்றும், தாங்கள் செய்ததில் ஒரு பகுதியை அவர்களே சுவைப்பதற்காக அது என்றும் சூரா ரூமில் அல்லாஹ் சொல்வதற்கு, இதைவிடப் பக்கத்தில் விளக்கம் தேட வேண்டியதில்லை.

கரையிலிருந்து போனவர்கள்

நாம் நடக்கிற கரைகள் பலவற்றில் முன்பு வீடுகள் இருந்தன. முத்தண்ணன் குளத்துக் கரையிலும் வாலாங்குளத்துக் கரையிலும் தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் கட்டிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அடுத்தவர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தால் ஏழு பூமி கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கை ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் வழியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. குளம் பொதுச் சொத்து, அதில் ஆக்கிரமிப்பு கூடாது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குடிசைக்காரரின் ஒரு சாண் கண்ணுக்குத் தெரிகிறது, உடனே இடிபடுகிறது. நீர்வழியை மறித்துக் கட்டிய பெரிய கட்டடங்களின் சாண் கணக்கு அவ்வளவு சீக்கிரம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஹதீஸில் அப்படி வித்தியாசம் எதுவும் இல்லை. வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவர், வீட்டு வரி கட்டி, மின் இணைப்பு வாங்கி, ரேஷன் அட்டையில் அந்த முகவரியையே வைத்திருந்தவர். அவரை அபகரித்தவர் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அவருடைய வேலை உக்கடத்து மார்க்கெட்டில், பிள்ளையின் பள்ளி பக்கத்துத் தெருவில், இப்போது வீடு மட்டும் பத்து கிலோமீட்டருக்கும் அப்பால்.

நகரின் வடக்கே சங்கனூர் பள்ளத்திலும் இப்போது கரைச்சுவரும் பாதையும் அமைக்கும் வேலை நடக்கிறது. 2025 ஜனவரியில் அந்த வேலையின்போது கரையோர மாடி வீடு ஒன்று அப்படியே பள்ளத்துக்குள் சரிந்து விழுந்த காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விரிசலைப் பார்த்து முன்பே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள், அல்ஹம்து லில்லாஹ்.

நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியது இருக்கிறது. மாற்று இடங்களுக்குப் போன நம் மஹல்லாக் குடும்பங்களின் பட்டியல் நம் பள்ளிகளிலேயே இருக்கும். அங்கே பிள்ளைகளுக்கு மக்தப் நடக்கிறதா, பேருந்து எத்தனை மணிக்கு, பெண்கள் வேலைக்கு எப்படி வருகிறார்கள், பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகள் எத்தனை என்று நேரில் போய்ப் பார்க்க இரண்டு பேர் போதும். ரமளானில் அரிசி மூட்டையோடு மட்டும் போகாதீர்கள். ஜகாத் பணத்தில் மாத பஸ் பாஸ் வாங்கிக் கொடுத்தால், தகுதியான ஏழைக்கே சொந்தமாக்கிக் கொடுக்கும்போது அது ஜகாத்தாக நிறைவேறும்.

இரண்டு மஸ்அலாக்கள்

முதலாவது, கரையில் நடந்துகொண்டிருக்கும்போது மஃரிப் பாங்கு சொல்லிவிடுகிறது. அங்கேயே துண்டை விரித்துத் தொழலாமா? மக்கள் நடமாடும் பாதையில் தொழுவதை நம் இமாம்கள் மக்ரூஹ் என்றிருக்கிறார்கள். தொழக் கூடாத ஏழு இடங்களில் நடுப்பாதையையும் எண்ணும் ஓர் அறிவிப்பு திர்மிதியில் உண்டு. அதன் தொடர் வலுவானதல்ல என்று திர்மிதி அவர்களே சொல்லியிருந்தாலும், போகிறவர்களின் வழியை அடைக்கக் கூடாது என்ற காரணம் வலுவானது. பெரியகுளத்தின் இந்தப் பக்கம் முழுக்கப் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். வயதானவர், நடக்க முடியாதவர் என்றால் பாதையை விட்டு ஒதுங்கி, புல்தரையில் தொழுதுகொள்ளலாம்.

இரண்டாவது, சென்ற மாதம் ஒரு தம்பி கேட்டது: ஹஜ்ரத், குளத்துத் தண்ணீரில் உளூ செய்தால் கூடுமா? பத்து முழத்துக்குப் பத்து முழம் என்ற அளவை எட்டிய பெரிய நீர்நிலை, அதில் நஜீஸ் விழுந்ததால் மட்டும் அசுத்தமாகிவிடாது. நிறம், சுவை, வாசனை இந்த மூன்றில் ஒன்று நஜீஸால் மாறினால்தான் அசுத்தமாகும். 320 ஏக்கர் குளத்துக்கு அளவைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே அந்த மூன்றும் மாறாத இடத்தில் உளூ கூடும். சாக்கடை வந்து விழும் வாயருகே கையை நனைத்து முகர்ந்து பாருங்கள். வாசனை மாறியிருந்தால் அங்கே கூடாது.